பிரைமரி தேர்தலில் யாருக்கு ஆதரவு? சிறு குழுக்களின் அறிவிப்புக்கு எடை உண்டா?

குவீன்ஸ்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், எங்கள் கட்டடத்திலும் பக்கத்துத் தெருக்களிலும் வாடகைக்கு இருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். ஜனவரிக் குளிரில் ஹீட்டர் ஓடாத வீடுகளுக்காகத் தொடங்கியது. இப்போது வாடகை உயர்வு, வெளியேற்ற நோட்டீஸ் எல்லாவற்றையும் பார்க்கிறோம். வங்காளிகள், நேபாளிகள், கொலம்பியர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சில தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

வருகிற 2026 ஜூன் 23 அன்று மாநிலச் சட்டமன்றத்துக்கு ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். எங்கள் தொகுதியில் நெடுங்காலமாகப் பதவியில் இருப்பவரை எதிர்த்து இரண்டு பேர் நிற்கப் போகிறார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை, மற்றவர் தொழிற்சங்க ஊழியர். இருவருமே வாடகைதாரர் பக்கம் நிற்கிற முற்போக்காளர்கள்தாம். இருவருமே எங்கள் சங்கத்தின் ஆதரவைக் கேட்கிறார்கள்.

கூட்டத்தில் மூன்று கருத்து எழுந்தது. இப்போதே ஒருவரை அறிவித்துவிட்டு வேலையில் இறங்கலாம் என்று ஒரு சாரார். பெரிய தொழிற்சங்கங்களும் ஒர்க்கிங் ஃபேமிலிஸ் கட்சியும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டுப் பின்னால் போகலாம் என்று இன்னொரு சாரார். மூன்றாவது தரப்பு யாரையும் ஆதரிக்க வேண்டாம் என்கிறது. நாளைக்கு யார் ஜெயித்தாலும் அவர் அலுவலகத்தில்தான் நாம் போய் நிற்க வேண்டும், எதற்குப் பகை என்பது அவர்கள் வாதம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எங்களைப் போன்ற சிறிய குழு ஆதரவு அறிவித்தால் அதற்கு ஏதாவது எடை உண்டா?

தாமிரபரணிக்கரை

திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்க அரசியலை ஆர்வமாகப் படிக்கிறவன், ஆனால் அடிப்படை ஒன்று புரியவில்லை. எங்கள் பக்கம் வேட்பாளர் என்றால் விருப்ப மனு, அதற்குக் கட்டணம், தலைமை அலுவலகத்தில் நேர்காணல், கடைசியில் ஒரு பட்டியல். முப்பது ஆண்டு கொடி பிடித்த தொண்டருக்கும் அதில் ஒரு வாக்கு கிடையாது. அங்கே கட்சிக்கு வெளியே இருக்கிற வாடகைதாரர் சங்கம் ஒரு கட்சியின் வேட்பாளர் தேர்வில் எப்படி நுழைகிறது? தலைமை இதை அனுமதிக்கிறதா?

பாஸ்டன் நூலகர்

தாமிரபரணிக்கரை ஐயா, தலைமையின் அனுமதி என்பதே இங்கு தேவையில்லை. வாக்காளராகப் பதிவு செய்யும் படிவத்திலேயே எந்தக் கட்சி என்று ஒரு கட்டம் இருக்கும். சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. அந்தக் கட்டத்தில் குறி போட்டவர் எல்லாரும் அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம். வாக்குச்சாவடி அமைத்து நடத்துவது தேர்தல் வாரியம். சில மாநிலங்களில் கட்சிப் பதிவே இல்லாமல் யாரும் எந்த பிரைமரியிலும் வாக்களிக்க முடியும். நியூயார்க்கில் அப்படி இல்லை, கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டுமே. விதிப்படி கையெழுத்துத் திரட்டி வருகிறவரை 'நீ நிற்காதே' என்று எந்தத் தலைவரும் தடுக்க முடியாது.

குவீன்ஸ் போன்ற இடங்களில் நவம்பர் பொதுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஜெயிப்பது ஏறக்குறைய உறுதி. ஆகவே உண்மையான தேர்தல் ஜூனில் முடிந்துவிடுகிறது. அதற்கு வாக்களிக்க வருகிறவர்களோ மிகக் குறைவு. 2018 ஜூன் 26 அன்று நியூயார்க்கின் 14-ஆவது காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதியில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் ஜெயித்தபோது அவர் பெற்றது 17 ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகள். அந்தத் தொகுதியில் வசிக்கிற மக்கள் ஏறக்குறைய ஏழு லட்சம். அதை வைத்து அவர் வீழ்த்தியது ஜோ கிரவுலியை. அவர் 1999 முதல் உறுப்பினர், பிரதிநிதிகள் சபையில் கட்சியின் நான்காம் நிலைத் தலைவர், வருங்கால சபாநாயகர் என்று பேசப்பட்டவர்.

குவீன்ஸ்வாசி, 'பெரிய அமைப்புகளுக்காகக் காத்திருப்போம்' என்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவலைச் சொல்லுங்கள். அந்த ஆண்டு ஒர்க்கிங் ஃபேமிலிஸ் கட்சி ஆதரித்தது கிரவுலியைத்தான். முற்போக்குக்காகவே 1998-இல் தொடங்கப்பட்ட கட்சி அது. தொழிற்சங்கங்களும் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றன. ஒகாசியோ-கோர்ட்டெசுக்குத் துணை நின்றவை 2017-இல் பிறந்த ஜஸ்டிஸ் டெமாக்ரட்ஸ், அமெரிக்க ஜனநாயக சோஷலிஸ்டுகளின் நியூயார்க் கிளை, இன்னும் சில சிறிய குழுக்கள். கிரவுலி ஒரு விவாதக் கூட்டத்துக்குத் தான் வராமல் தனக்குப் பதிலாக முன்னாள் நகர மன்ற உறுப்பினர் ஒருவரை அனுப்பினார். தொகுதியின் நிலைமை அவருக்கே தெரியவில்லை என்றால் அவரை ஆதரித்த பெரிய அமைப்புகளுக்கு எங்கிருந்து தெரியும்?

பழைய கணக்கு

ஒகாசியோ-கோர்ட்டெஸ் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். தோற்றவர்களின் கதையை யார் சொல்வது? 2018-இல் ஜஸ்டிஸ் டெமாக்ரட்ஸ் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஆதரித்தது. ஏற்கெனவே பதவியில் இருந்தவர்களைக் கழித்துவிட்டால் அந்தப் பட்டியலிலிருந்து காங்கிரசுக்குள் புதிதாகப் போனவர்கள் நான்கே பேர்: ஒகாசியோ-கோர்ட்டெஸ், அயானா பிரெஸ்லி, ரஷீதா தலைப், இல்ஹான் ஓமர். மற்றவர்களுக்கு அந்த ஆதரவு ஒரு வலைப்பக்கத்தில் பெயராக இருந்ததோடு சரி.

டெக்சஸில் ஜெசிக்கா சிஸ்னெரோசை நாடறிந்த முற்போக்காளர்கள் அத்தனை பேரும் ஆதரித்தார்கள். 2020-இல் தோற்றார். 2022-இல் மீண்டும் நின்று இரண்டாம் சுற்று வரை போனார். மறு எண்ணிக்கை முடிந்தபோது, பதவியில் இருந்த ஹென்றி குயெல்லாரிடம் 289 வாக்கில் தோற்றிருந்தார்.

2024 இன்னும் மோசம். நியூயார்க்கில் ஜமால் போமன், மிசௌரியில் கோரி புஷ். இருவரும் 2020-இல் பழம்பெரும் உறுப்பினர்களை வீழ்த்தி உள்ளே போனவர்கள். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பேக்கின் சூப்பர் பேக் (வரம்பின்றிச் செலவழிக்கிற வெளி நிதிக் குழு) போமனுக்கு எதிராக மட்டும் ஒரு கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல் கொட்டியது. புஷ்ஷுக்கு எதிராக 80 லட்சத்துக்கும் மேல். இருவருமே தோற்றுப் பதவி இழந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஒரேகானில் சுசீலா ஜெயபால் நின்றார், காங்கிரஸ் உறுப்பினர் பிரமிளா ஜெயபாலின் அக்கா. முற்போக்கு செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஆதரித்தார். கடைசி வாரங்களில் வெளியிலிருந்து விளம்பரப் பணம் மழையாக இறங்கியது. மேக்சின் டெக்ஸ்டர் ஜெயித்தார்.

உச்ச நீதிமன்றம் 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பைத் தந்த பிறகு வெளிக் குழுக்கள் செலவழிக்கிற பணத்துக்கு வரம்பே இல்லை. உங்கள் வாடகைதாரர் சங்கத்தின் தீர்மானம் அந்தப் பணத்தின் முன்னால் என்ன செய்யும்? நான் முற்போக்குக்கு எதிரி இல்லை. நல்ல மனிதர்களின் உழைப்பு வீணாவதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டுத்தான் சொல்கிறேன்.

செங்காந்தள்

பழைய கணக்கு அண்ணாவுக்கு பிட்ஸ்பர்கிலிருந்து ஒரு பதில். பணம் இறங்கியும் ஜெயித்த தொகுதி எங்களுடையது.

சம்மர் லீ 2018-இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றபோது எதிரில் இருந்தவர் பால் கோஸ்டா. அந்தக் குடும்பப் பெயருக்கே எங்கள் பகுதி அரசியலில் செல்வாக்கு உண்டு. உள்ளூர் சோஷலிஸ்டு கிளையும் அக்கம்பக்கத்துக் குழுக்களும்தான் லீ பக்கம். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 2022-இல் அவர் காங்கிரசுக்கு நின்றபோது அதே ஏய்பேக் சூப்பர் பேக் இருபது லட்சம் டாலருக்கும் மேல் செலவழித்தது. விளம்பரங்களில் இஸ்ரேல் என்ற பெயரே வரவில்லை. 'இவர் உண்மையான ஜனநாயகக் கட்சிக்காரர் இல்லை' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. லீ ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் ஜெயித்தார்.

அந்தச் சில நூறு வாக்குகள் எங்கிருந்து வந்தன என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் அவற்றில் சிலவற்றுக்காக நான் படி ஏறியிருக்கிறேன். கைப்பேசிச் செயலியில் தெரு வாரியாகப் பெயர் வரும். ஒவ்வொரு வீட்டிலும் பேசி முடித்ததும் 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். 1 என்றால் உறுதியான ஆதரவு, 5 என்றால் உறுதியான எதிர்ப்பு. 3 போட்ட வீட்டுக்குத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் போவோம். ஸ்விஸ்வேலில் ஒரு மூதாட்டி. கணவர் உருக்காலையில் இருந்தவர். வந்த விளம்பர அட்டைகளையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். கட்டைத் தூக்கிக் காட்டி, "இத்தனை பேர் இவள் சரியில்லை என்கிறார்களே?" என்று கேட்டார். நான் கொள்கை பேசவில்லை. "அம்மா, அட்டையின் அடியில் யார் பணம் கொடுத்தது என்று சிறிய எழுத்தில் இருக்கிறது, படியுங்கள். நம் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா?" என்றேன். கண்ணாடி எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு எங்கள் துண்டுப் பிரசுரத்தில் ஆதரித்தவர்களின் பட்டியலைப் பார்த்தார். அவருடைய பேத்தி வேலை செய்கிற இடத்துத் தொழிற்சங்கக் கிளை அதில் இருந்தது. "இவர்களை எனக்குத் தெரியும்" என்றார். 3 என்று இருந்ததை 1 என்று மாற்றிவிட்டுப் படி இறங்கினேன்.

ஆதரவு அறிவிப்பின் எடை அங்கேதான் இருக்கிறது. தொலைக்காட்சிக்கு அது பதிலாகாது. வாசற்படியில் நிற்கிறவர் கையில் இருந்தால் பதிலாகும். 2024-இல் லீ மீண்டும் நின்றபோது அந்த சூப்பர் பேக் எங்கள் தொகுதிப் பக்கம் வரவில்லை; அவர் எளிதாக ஜெயித்தார்.

போமன் தோல்வியில் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவருடைய தொகுதியின் எல்லை மாறியிருந்தது, எதிரில் நின்ற ஜார்ஜ் லாட்டிமர் வெஸ்ட்செஸ்டர் முழுக்க அறிமுகமான நிர்வாகி. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏரிநாட்டான்

மினியாபொலிசில் இருக்கிறேன். இங்கே ஆதரவு வழங்குவதையே கட்சி ஒரு முறையாக வைத்திருக்கிறது. பிப்ரவரியில் பள்ளிக்கூட அறைகளில் வட்டாரக் கூட்டம் நடக்கும். கட்சிக்காரர் யாரும் போகலாம். அங்கே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் மாநாட்டில் கூடி, 60 சதவீத வாக்கு பெறுகிறவருக்குக் கட்சியின் ஆதரவை வழங்குவார்கள். கிடைக்காதவரும் ஆகஸ்ட் பிரைமரியில் நிற்கலாம்.

கேட்க அழகாக இருக்கும். சிக்கலும் உண்டு. 2018-இல் ஆளுநர் வேட்பாளராக மாநாடு ஆதரித்தது எரின் மர்ஃபியை. பிரைமரியில் மக்கள் தேர்ந்தெடுத்தது டிம் வால்சை. இரவு வரை மாநாட்டு அரங்கில் உட்காரக் கூடியவர்கள் வேறு, இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு வாக்களிக்க வருகிறவர்கள் வேறு.

2025-இல் நடந்தது எங்களில் பலருக்கு இன்னும் ஆறவில்லை. ஜூலையில் மினியாபொலிஸ் நகர மாநாடு மேயர் பதவிக்கு ஒமர் ஃபதேயை ஆதரித்தது. மின்னணு வாக்குப்பதிவில் குளறுபடி என்று புகார் போனது. ஆகஸ்டில் மாநிலக் கட்சி அந்த ஆதரவையே ரத்து செய்தது. நவம்பரில் ஜேக்கப் ஃப்ரே மீண்டும் மேயரானார். ரத்து செய்தது நியாயமா இல்லையா என்று இங்கே ஒரே வீட்டுக்குள் சண்டை நடக்கிறது. என் கருத்து, மாநாட்டு முடிவை மேலிடம் தூக்கி எறிந்தது தவறு. ஆனால் அப்படி எறிய இடம் கொடுத்தது எங்கள் பக்கத்துக் கவனக்குறைவான வாக்கு எண்ணிக்கை.

குவீன்ஸ்வாசி, உங்கள் சங்கம் யாரை ஆதரித்தாலும் சரி, வாக்கெடுப்பை மட்டும் யாரும் கேள்வி கேட்க முடியாதபடி நடத்துங்கள். யாருக்கு வாக்குரிமை என்ற பட்டியலைக் கூட்டத்துக்கு முன்பே மூடிவிடுங்கள். காகிதத்தில் எழுதி எல்லாருக்கும் எதிரில் எண்ணுங்கள். தோற்ற தரப்பு எண்ணிக்கையை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மறுவாரம் அவர்களையும்தான் தெருவுக்கு அழைக்கப் போகிறீர்கள்.

ஜாக்சன் ஹைட்ஸ் செல்வி

நானும் குவீன்ஸ்தான் அக்கா. 'எதற்குப் பகை' என்ற மூன்றாவது தரப்புக்குத்தான் எனக்குப் பதில் சொல்லத் தோன்றுகிறது.

நியூயார்க் மாநில செனட்டில் எட்டு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் தனிக் குழு அமைத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடியரசுக் கட்சியோடு அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். வாடகைதாரர் பாதுகாப்பு மசோதாக்கள் அங்கே போய் முடங்கின. அவர்களிடம் மனு கொடுத்தவர்கள், கை குலுக்கியவர்கள், பகை வேண்டாம் என்றிருந்தவர்கள் ஏராளம். ஒன்றும் நடக்கவில்லை. 2016-க்குப் பிறகு முளைத்த அக்கம்பக்கத்துக் குழுக்கள் ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் எதிர் வேட்பாளரை எடுத்துக்கொண்டு வேலை செய்தன. 2018 செப்டம்பர் 13 அன்று அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் பிரைமரியில் தோற்றார்கள். குழுவின் தலைவர் ஜெஃப் க்ளைனை அலெசாண்ட்ரா பியாஜி தோற்கடித்தார். எங்கள் பக்கத்தில் ஹோசே பெரால்டாவை ஜெசிக்கா ராமோஸ் தோற்கடித்தார்.

2019 ஜூனில் புதிய வாடகைச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு, வாடகைக் கட்டுப்பாடு உள்ள வீட்டில் குடியிருப்பவர் காலி செய்தால் உரிமையாளர் அடுத்தவரிடம் 20 சதவீதம் வரை கூட்டி வாங்கலாம். அதனால் பழைய குடித்தனங்களைத் துரத்துவதிலேயே லாபம் இருந்தது. அந்தச் சலுகை ஒழிந்தது. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று ஆயிற்று. எங்கள் வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த செப்டம்பர் நினைவுக்கு வரும். பகைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்தச் சட்டம் வந்திருக்காது.

பாஸ்டன் நூலகர்

செல்வி சொன்னதில் 'ஓர் எதிர் வேட்பாளர்' என்பதைக் கவனியுங்கள். குவீன்ஸ்வாசியின் தொகுதியில் இருப்பது இரண்டு பேர். எனக்குக் கவலை அங்கேதான்.

2022-இல் மன்ஹாட்டன் கீழ்ப்பகுதியும் புரூக்ளின் பகுதியும் சேர்ந்த 10-ஆவது காங்கிரஸ் தொகுதியில் டேன் கோல்ட்மன் ஏறக்குறைய 26 சதவீத வாக்கில் ஜெயித்தார். யூ-லைன் நியூ, மோண்டெர் ஜோன்ஸ், கார்லினா ரிவேரா என்ற முற்போக்காளர்கள் மூவரும் மற்ற வாக்குகளில் பெரும்பகுதியைப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் ஓர் அமைப்பு, ஒரு சங்கம். எல்லாரும் மனசாட்சிப்படிதான் ஆதரித்தார்கள். எங்கள் மாசசூசெட்சில் 4-ஆவது தொகுதியில் 2020-இல் இதே கதை. ஜேக் ஆகின்கிளாஸ் 22 சதவீதத்தில் உள்ளே போனார்.

2025 நியூயார்க் மேயர் பிரைமரியில் ஜோரான் மம்தானியும் பிராட் லாண்டரும் 'என்னை முதலாவதாகவும் அவரை அடுத்ததாகவும் போடுங்கள்' என்று ஒருவரை ஒருவர் ஆதரித்தார்கள். அங்கே அது சாத்தியமானது, ஏனென்றால் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை நகரத் தேர்தலுக்கு உண்டு. எதிரில் நின்ற முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவுக்கு ஆதரவாக வெளிக் குழு இரண்டு கோடி டாலருக்கும் மேல் செலவழித்தும் கடைசிச் சுற்றில் மம்தானி 56 சதவீதம் பெற்றார். மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கு அந்த முறை கிடையாது. ஒரே ஒரு பெயருக்குத்தான் குறி. இரண்டு நல்லவர்கள் ஜூன் வரை நின்றால் பதவியில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகவே உங்கள் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கப் பாருங்கள். இரண்டு வேட்பாளர்களையும் ஒரே நாளில் அழைத்து, சங்கத்தின் முடிவு தனக்கு எதிராகப் போனால் விலகி மற்றவருக்கு உழைப்பீர்களா என்று எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள். சட்டப்படி அது அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மழுப்புகிறவரைச் சபை பார்த்துக்கொள்ளும்.

எடிசன் குமரன்

நியூஜெர்சியிலிருந்து. எனக்கு ஒரு யோசனை. அங்கங்கே தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன, பொங்கல் விழாவுக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். சங்கமே ஒரு தீர்மானம் போட்டு ஆதரவு அறிவித்தால் எவ்வளவு பலம்! குறிப்பாக நம்மவர்கள் நிற்கிற இடங்களில்.

எங்கள் மாநிலத்தில் கட்சிக்காரர்களின் ஆதரவு எப்படி வேலை செய்தது தெரியுமா? மாவட்டக் கட்சித் தலைவர்கள் ஆதரித்தவர்களின் பெயர்கள் எல்லாம் வாக்குச்சீட்டிலேயே ஒரே வரிசையில், கண்ணில் படுகிற இடத்தில் அச்சாகும். மற்றவர் பெயர் எங்கோ மூலையில் தனியாகக் கிடக்கும். 'கவுன்டி லைன்' என்பார்கள். செனட்டுக்கு நின்ற ஆண்டி கிம் வழக்குப் போட்டார். 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அதை நிறுத்தியது. அவர்கள் அத்தனை காலம் வாக்குச்சீட்டையே வைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் ஒரு சங்கத் தீர்மானத்துக்குத் தயங்குகிறோமே.

ஜாக்சன் ஹைட்ஸ் செல்வி

குமரன் அண்ணா, கவுன்டி லைன் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தமிழ்ச் சங்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான தமிழ்ச் சங்கங்கள் 501(சி)(3) என்ற பிரிவில் வரிவிலக்கு பெற்றவை. அந்தப் பிரிவில் இருக்கிற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. லிண்டன் ஜான்சன் செனட்டராக இருந்தபோது 1954-இல் கொண்டு வந்த விதி. மீறினால் வரிவிலக்கே போகலாம். வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம், எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைத்துக் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். குவீன்ஸ்வாசி அக்கா, உங்கள் வாடகைதாரர் சங்கம் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

'நம்மவர்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். 2016-இல் சாண்டர்ஸ் அவரை ஆதரித்தது சென்னைக்காக இல்லை. சியாட்டிலில் குடியேறியவர்களுக்காக அமைப்பு கட்டி உழைத்தவர், குறைந்தபட்ச ஊதியம் 15 டாலர் என்ற போராட்டத்தில் நின்றவர் என்பதற்காக. பெயரைப் பார்த்து ஆதரிக்கத் தொடங்கினால், வாடகையை ஏற்றுகிற கட்டட உரிமையாளர் தமிழர் என்றால் என்ன செய்வோம்?

புதியவன்_எச்1பி

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் வேலை விசாவில் இருக்கிறேன், வாக்கு கிடையாது. ஆனால் வாடகை நானும்தான் கொடுக்கிறேன். என்னால் ஏதாவது செய்ய முடியுமா? விசாவுக்குச் சிக்கல் வருமா?

செங்காந்தள்

நல்ல கேள்வி தம்பி. எங்கள் பிரசாரத்தில் இப்படிப் பலர் இருந்தார்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இந்தத் தடை பொருந்தும். நண்பர் பெயரில் கொடுப்பதும் குற்றம். ஊதியம் வாங்காமல் தொண்டராக உழைக்கலாம்: வீடு வீடாகப் போகலாம், தொலைபேசியில் அழைக்கலாம், தமிழிலோ இந்தியிலோ மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். நன்கொடை, செலவு பற்றி முடிவெடுக்கிற இடத்தில் மட்டும் உட்காரக் கூடாது. அதனால் சங்கத்தின் ஆதரவு வாக்கெடுப்பில் நீங்கள் கலந்துகொள்ளலாமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் நன்கொடை கொடுக்கலாம்.

பழைய கணக்கு

செங்காந்தள் சொன்ன மூதாட்டியின் கதை மனதில் நிற்கிறது. ஆனாலும் கேட்கிறேன், படி ஏறுகிறவருக்குத் துண்டுப் பிரசுரம் அச்சடிக்கவாவது பணம் வேண்டாமா? 2021-இல் பஃபலோவில் இந்தியா வால்டன் பிரைமரியில் மேயரையே தோற்கடித்தார். தோற்ற பைரன் பிரவுன், பணமும் நிர்வாக பலமும் துணையாக, வாக்குச்சீட்டில் பெயர் இல்லாமலேயே நவம்பரில் மக்களைக் கையால் எழுத வைத்து ஜெயித்தார். ஜூனில் கிடைத்த வெற்றியைக் காப்பாற்றவும் பணம் தேவைப்படுகிறது.

ஜாக்சன் ஹைட்ஸ் செல்வி

அண்ணா, பணத்துக்கு இப்போது எங்கள் மாநிலத்தில் ஒரு வழி இருக்கிறது. 2024 தேர்தல் முதல் மாநிலப் பதவிகளுக்குப் பொது நிதித் திட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டமன்ற வேட்பாளருக்குத் தொகுதிக்குள் வசிக்கிறவர் கொடுக்கிற 250 டாலர் வரையிலான நன்கொடைக்கு மாநிலம் பல மடங்கு சேர்த்துக் கொடுக்கும். முதல் 50 டாலருக்கு 12 மடங்கு. அதாவது எங்கள் கட்டடத்தில் ஒருவர் 50 டாலர் கொடுத்தால் வேட்பாளருக்கு மாநிலத்திலிருந்து 600 டாலர் வரும். அதற்குத் தகுதி பெறத் தொகுதிக்குள்ளிருந்து குறைந்தது 75 பேர் கொடுத்திருக்க வேண்டும், ஒரு மொத்தத் தொகையையும் எட்ட வேண்டும். வெளியூர்ப் பணக்காரருக்கு இந்த மடங்கு கிடையாது. ஒரு வாடகைதாரர் சங்கத்தால் அந்த 75 பேரை ஒரு வார இறுதியில் திரட்ட முடியும். பிப்ரவரியில் ஆதரவு அறிவித்தால் அது நடக்கும். மே மாதம் பெரிய சங்கங்களின் வாலைப் பிடித்துக்கொண்டு அறிவித்தால் அந்தப் பணம் வந்து சேர்ந்து செலவாவதற்குள் தேர்தல் முடிந்துவிடும்.

பழைய கணக்கு

இது எனக்குப் புதிய செய்தி. இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வெளிக் குழு பத்து லட்சம் டாலரோடு வந்தால் இது போதாது என்பதில் மாற்றமில்லை.

குவீன்ஸ்வாசி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இந்த இழையிலிருந்து பலவற்றை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு இப்படி முடிவாகியிருக்கிறது. இரண்டு வேட்பாளர்களையும் ஒரே மேடையில் அழைக்கிறோம். வெளியேற்ற நோட்டீஸ், 2019 சட்டத்தைத் திருத்த உரிமையாளர் தரப்பு செய்கிற முயற்சி, யாரிடம் நன்கொடை வாங்குவார்கள் என்பவை பற்றி எழுத்தில் பதில் கேட்டிருக்கிறோம். கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர் பட்டியலை மூடுகிறோம். காகித வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால்தான் ஆதரவு. கிடைக்காவிட்டால் அறிவிப்பே இல்லை.

என் பங்குக்கு நான் ஒன்றை வலியுறுத்தினேன். ஆதரித்து வாக்களிக்கிறவர்கள் அந்த வேட்பாளருக்காக எந்தக் கிழமை, எந்தத் தெருவில் நடப்போம் என்று அங்கேயே பெயர் எழுத வேண்டும். சிலருக்குக் கோபம் வந்தது. பரவாயில்லை. நடக்க ஆள் இல்லாத ஆதரவை அந்த ஆசிரியைக்கும் கொடுக்க வேண்டாம், தொழிற்சங்கக்காரருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செல்வி, கையெழுத்துத் திரட்டுவது பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லுங்களேன். எங்களில் யாருக்கும் அந்த அனுபவம் இல்லை.

ஜாக்சன் ஹைட்ஸ் செல்வி

சொல்கிறேன் அக்கா. பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடியும். சட்டமன்றத்துக்கு 500 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். கையெழுத்திடுகிறவர் அந்தத் தொகுதியில் வசிக்கிற, ஜனநாயகக் கட்சியில் பதிந்த வாக்காளராக இருக்க வேண்டும். ஒருவர் ஒரே பதவிக்கு ஒரு வேட்பாளருக்குத்தான் போடலாம். இரண்டாவதாக ஒருவருக்குப் போட்டால் அது செல்லாது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் ஒவ்வொரு வரியையும் பார்த்து ஆட்சேபம் எழுப்புவார்கள். அதனால் தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு திரட்டுங்கள். தாளின் அடியில் சாட்சியாகக் கையெழுத்திடுகிறவரும் கட்சியில் பதிந்தவராக இருக்க வேண்டும். புதியவன் தம்பி கூட வரலாம், கதவைத் தட்டலாம், பேசலாம். சாட்சிக் கையெழுத்தை மட்டும் வேறொருவர் போட வேண்டும், அவர் கண்ணெதிரே போட்ட கையெழுத்துகளுக்கு மட்டும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். கட்சியை மாற்றிப் பதிவு செய்ய பிப்ரவரி 14 கடைசி நாள். புதிதாகக் குடியுரிமை பெற்றுப் பதிகிறவர்களுக்கு ஜூன் வரை அவகாசம் உண்டு. எங்கள் கட்டடத்தில் பலர் கட்சிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். வாக்குச்சாவடிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. உங்கள் உறுப்பினர் பட்டியலை எடுத்துத் தேர்தல் வாரிய இணையதளத்தில் அவரவர் பதிவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். படிவங்கள் என்னிடம் வங்காளியிலும் ஸ்பானிஷிலும் இருக்கின்றன. உங்கள் கூட்டத்து நாளைச் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.